சைக்கிளுக்குப் பின்கண்ணாடி தேவையா? மண்டபம் ரோடு, கடல்காற்று, உப்பு

2025 ஜூன் 16, மாலை 6.10 | வாசகர் கேள்வி

இராமநாதபுரத்திலிருந்து மண்டபத்துக்கு வேலைக்குச் சைக்கிளில் போகலாம் என்று இருக்கிறேன். கூட வேலை பார்ப்பவர்கள் கண்ணாடி மாட்டச் சொல்கிறார்கள். எனக்கு அது வீண் செலவாகத் தெரிகிறது. பின்னால் வண்டி வந்தால் சத்தம் கேட்காதா? ஹார்ன் அடிக்காமல் நம்ம ஊரில் யார் ஓட்டுகிறார்கள்? காது இருக்கும்போது கண்ணாடி எதற்கு?

ஜூன் 16, இரவு 9.30 | பதில்

காது போதும் என்பவர் ஆனி மாதத்தில் ஒரு தடவை உச்சிப்புளியிலிருந்து இராமநாதபுரம் வரைக்கும் மேற்கே பார்த்து மிதித்துவிட்டு வந்து சொல்லட்டும். நான் வேலைக்குப் போவது அந்த ரோட்டில்தான். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று எழும்பிவிட்டால் காதுக்குள் காற்று இரைவதைத் தவிர வேறொன்றும் கேட்காது. காற்று எதிரே 30 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது, நாம் 15-இல் போகிறோம் என்றால் காதில் மோதுவது 45 கிலோமீட்டர் காற்று. அதை மீறி ஒரு பஸ் எஞ்சின் கேட்க வேண்டும் என்றால் அது முதுகுக்கே வந்திருக்க வேண்டும்.

இரைச்சலோடு இன்னொன்றும் இருக்கிறது. எதிர்க்காற்றில் போகும்போது பின்னால் வரும் வண்டியின் சத்தம் காற்றை எதிர்த்து நம்மிடம் வர வேண்டும். தரையை ஒட்டிக் காற்றின் வேகம் குறைவு, மேலே போகப் போக அதிகம். அதனால் காற்றை எதிர்த்து வரும் ஒலி மேல்நோக்கி வளைந்து நம் தலைக்கு மேலே போய்விடுகிறது. கரையில் நின்று படகுக்காரரைக் கூப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். காற்று வரும் பக்கம் நிற்பவரின் குரல் எதிர்ப்பக்கத்தில் நன்றாகக் கேட்கும், திருப்பிச் சொல்லும் பதில் வந்து சேராது. ஹார்னுக்கும் இதே கதிதான். பின்னால் வருபவர் ஒழுங்காக அடித்திருப்பார், நமக்கு எட்டியிருக்காது.

ஆகவே இந்தக் கரையில் கண்ணாடி வேண்டும். எந்தக் கண்ணாடி என்பதைத்தான் பேச வேண்டும்.

ஜூன் 17, காலை 5.50

கிளம்பும் முன் ஒன்று. விசைப்படகுத் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள். கேள்வி கேட்டவர் அந்த நாட்களில் ரோட்டைப் பார்த்துவிட்டு இவ்வளவுதான் போக்குவரத்து என்று முடிவு செய்திருந்தால் இந்த வாரம் மறுபடி ஒரு தடவை பார்க்கட்டும். மீன் கண்டெய்னர்களும் ஐஸ் ஏற்றிய குட்டி யானைகளும் ரோட்டுக்கு வந்துவிட்டன. ஐஸ் உருகுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம் அவர்களுக்கு. அதைக் குறை சொல்ல முடியாது. நாம்தான் அவர்கள் வருவதை முன்கூட்டிப் பார்க்க வேண்டும்.

ஜூன் 17, இரவு 10.05

முன்கூட்டி என்றால் எவ்வளவு என்று கேட்டிருக்கிறார்கள். நாம் 15 கிலோமீட்டர் வேகத்தில், பின்னால் வண்டி 60-இல். வித்தியாசம் மணிக்கு 45, அதாவது நொடிக்கு 12.5 மீட்டர். 100 மீட்டர் தள்ளி அதைப் பார்த்துவிட்டால் கையில் 8 நொடி. வண்டி 80-இல் வந்தால் ஐந்தரை நொடிக்கும் கொஞ்சம் மேலே.

எட்டு நொடி நிறையவே இருக்கிறது. இந்த ரோட்டில் தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் சில இடங்களில் நல்ல இறக்கம். அதற்கு அப்பால் மணல் குவிந்து கிடக்கும். பதறிப்போய் சட்டென்று இறக்கினால் முன்சக்கரம் மணலில் புதைந்து ஆள் வலதுபக்கம், ரோட்டுக்குள்ளேயே விழுவார். எட்டு நொடியில் எந்த இடத்தில் இறங்கலாம் என்று தேர்ந்தெடுக்கலாம், அல்லது இறங்கவே தேவையில்லை என்று தெரிந்துகொண்டு நேராகப் போகலாம். கண்ணாடி வந்த பிறகு நான் மண்ணில் இறங்குவது குறைந்திருக்கிறது. பின்னால் லாரி ஒதுங்கி வலதுபக்கம் நகர்வது தெரியும்போது எதற்கு இறங்க வேண்டும்?

இறங்கித்தான் ஆக வேண்டியது, பின்னால் ஒரு வண்டியை இன்னொரு வண்டி முந்திக்கொண்டு இரண்டும் சேர்ந்து வரும்போது. அதைக் காதால் கண்டுபிடிக்கவே முடியாது. இரண்டு எஞ்சின் சத்தமும் ஒன்றாகத்தான் கேட்கும்.

ஜூன் 19, இரவு 9.15

கடையில் கிடைப்பவை. ஹேண்டில்பாரில் கிளாம்பு போட்டு மாட்டுவது. ஹேண்டில் முனைத் துளைக்குள் சொருகி உள்ளே ரப்பரை விரியவைத்து இறுக்குவது. ஹெல்மெட்டிலோ மூக்குக்கண்ணாடி பிரேமிலோ மாட்டும் குட்டிக் கண்ணாடி. அப்புறம் நம்ம ஊர் வழி, மொபெட் கண்ணாடியைக் கிளாம்பு வைத்துச் சைக்கிளில் ஏற்றுவது.

எல்லோரும் முதலில் கேட்பது எது பெரியது என்றுதான். கீழக்கரையில் எனக்குச் சைக்கிள் பூட்டிக் கொடுத்த காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) அன்றைக்கே சொன்னார்: "தம்பி, எவ்வளவு பெருசுன்னு கேக்காதீங்க, கண்ணுக்கு எவ்வளவு கிட்டன்னு கேளுங்க." கணக்குப் போட்டால் அவர் சொன்னதுதான் சரி. 6 சென்டிமீட்டர் அகலமுள்ள தட்டைக் கண்ணாடி கண்ணிலிருந்து 70 சென்டிமீட்டர் தள்ளி ஹேண்டிலில் இருந்தால், 50 மீட்டர் பின்னால் சுமார் 4 மீட்டர் அகலம் தெரியும். ஒரு லேனும் கொஞ்சமும். அதே இடத்தில் ஹெல்மெட்டில், கண்ணிலிருந்து 12 சென்டிமீட்டரில் இருக்கும் 3 சென்டிமீட்டர் கண்ணாடி 12 மீட்டருக்கு மேல் காட்டும். இந்த ரோட்டின் முழு அகலமும் அதில் வந்துவிடும்.

அதோடு, தலையைக் கொஞ்சம் திருப்பினால் ஹெல்மெட் கண்ணாடியின் பார்வையும் கூடவே திரும்பும். வளைவில் ஹேண்டில் கண்ணாடி வயலைக் காட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் இது ரோட்டைக் காட்டும். பழகச் சில வாரம் பிடிக்கும். ஒரு கண்ணுக்கு மட்டும்தான் தெரியும், முதலில் தலை சுற்றுவதுபோல் இருக்கும்.

ஜூன் 20, மதியம் 1.20

ஹெல்மெட் கண்ணாடிதான் சிறந்தது என்று நான் சொன்னதாக ஒருவர் எடுத்துக்கொண்டார். அது யாருக்கு என்று பார்க்க வேண்டும். இந்தப் பக்கம் சைக்கிளை நம்பிப் பிழைப்பவர்களில் பெரும்பாலோர் ஹெல்மெட் போடுவதில்லை. தலையில் துண்டுதான். அவர்களுக்கு ஹேண்டில்பாரில் இருக்க வேண்டும், உறுதியாக இருக்க வேண்டும், உள்ளூர்க் கடையில் உதிரி கிடைக்க வேண்டும். அதனால்தான் மொபெட் கண்ணாடியையும் பட்டியலில் சேர்த்தேன்.

ஜூன் 22, இரவு 8.40

வளைந்த கண்ணாடி, தட்டைக் கண்ணாடி. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

சைக்கிள் கடையில் விற்பது பெரும்பாலும் வளைந்தது, பள்ளிக்கூடத்தில் குவி ஆடி என்று படித்தோமே, அது. அகலமாகக் காட்டும், ஆனால் சிறிதாகக் காட்டும். வளைவின் ஆரம் 60 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன அதே 6 சென்டிமீட்டர், அதே இடம். இப்போது 50 மீட்டர் பின்னால் 14 மீட்டர் அகலம் தெரியும். ஆனால் வண்டி அதன் உண்மை உருவில் மூன்றில் ஒரு பங்காகத்தான் தெரியும். 50 மீட்டரில் வரும் பஸ் 160 மீட்டருக்கு அப்பால் வருவதுபோல் இருக்கும். "இன்னும் தூரம் இருக்கு" என்று ரோட்டைக் குறுக்கே கடக்கத் தோன்றும். அங்கேதான் ஆபத்து.

மொபெட், ஸ்கூட்டர் கண்ணாடிகளும் வளைந்தவைதான். ஆனால் ஆரம் ஒரு மீட்டருக்கு மேல் இருக்கும், அதனால் உருவம் கிட்டத்தட்ட பாதியாகத் தெரியும். அகலமும் கிடைக்கும், தூரமும் ரொம்பப் பொய் சொல்லாது. வாங்கும்போது கடையிலேயே சோதிக்கலாம். கண்ணாடியைக் கை நீளத்தில் பிடித்து, பின்னால் தெரியும் ஒரு தூணைப் பார்த்துவிட்டு, திரும்பி நேராகவும் பாருங்கள். பாதிக்கும் மிகச் சிறியதாகத் தெரிந்தால் வேண்டாம்.

எதுவானாலும், வலதுபக்கம் திரும்பும் முன் ஒரு தடவை தலையைத் திருப்பிப் பார்த்துவிட வேண்டும். பின்னால் ஏதோ வருகிறது என்று கண்ணாடி சொல்லும். எவ்வளவு கிட்டே என்பதைக் கண்தான் சொல்ல வேண்டும்.

ஜூன் 29, இரவு 9.50

மாமாவைப் பற்றி எழுத வேண்டும். அம்மாவின் தம்பி. புதுமடத்துக் கரையில் மீன் எடுத்து, கேரியரில் பெட்டி கட்டி, பெருங்குளம், வழுதூர் பக்கம் தெருத் தெருவாக விற்பவர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. காது மந்தம். கண்ணாடி அதிகம் தேவைப்படுவது இவரைப் போன்றவருக்குத்தான். பின்னால் ஐஸோடு மீன் பாரம் இருக்கும்போது தலையைத் திருப்பினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் ஹேண்டில் ஆடும், பாரம் ஒரு பக்கம் இழுக்கும். அவர் திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டிருந்தார். காதும் இல்லை, கண்ணும் இல்லை. கடவுளை நம்பித்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்.

கிளாம்பு வைத்த வளைந்த கண்ணாடி ஒன்றை மாட்டிக் கொடுத்தேன். ரெண்டு நாள் கழித்து, "மாப்ளே, கண்ணாடியில புகை படிஞ்ச மாதிரி இருக்கு, தொடச்சாலும் போவல" என்றார். துடைத்துப் பார்த்தேன், எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. அவருக்கு மட்டும் மங்கல்.

காரணம் வெள்ளெழுத்து. தட்டைக் கண்ணாடியில் லாரி 50 மீட்டர் பின்னால் இருந்தால் அதன் பிம்பமும் கண்ணாடிக்குள்ளே அதே 50 மீட்டர் தள்ளி இருக்கும். தூரப் பார்வை நன்றாக இருப்பவருக்கு அது தெளிவாகத் தெரியும். வளைந்த கண்ணாடியில் அப்படி இல்லை. பின்னால் உள்ள உலகம் முழுவதும் கண்ணாடிக்கு உள்ளே ஒரு சாண், ரெண்டு சாண் ஆழத்துக்குள் சுருங்கி நிற்கும். 60 சென்டிமீட்டர் ஆரம் என்றால் அதிகபட்சம் 30 சென்டிமீட்டர் ஆழம். கண்ணிலிருந்து மொத்தமே ஒரு மீட்டர். ஐம்பது, அறுபது வயதுக் கண்ணுக்கு ஒரு மீட்டரில் சின்ன உருவம் மங்கும்.

தட்டைக் கண்ணாடியாக மாற்றினோம். "இப்ப லாரி நம்பரே தெரியுது" என்றார். எண் தலைகீழாகத்தான் தெரியும், அது அவருக்குப் பொருட்டில்லை.

ஜூன் 30, காலை 6.00

தலைகீழ் என்று எழுதிவிட்டேன், இடவலம் மாறித் தெரியும் என்று படித்துக்கொள்ளுங்கள்.

ஜூலை 3, இரவு 9.00

தொண்டியிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, இரட்டைப் பவர் மூக்குக்கண்ணாடி, மேலே தூரத்துக்கு, கீழே படிக்க. தட்டைக் கண்ணாடி மாட்டியும் மங்கலாகவே இருக்கிறதாம்.

அவருக்குக் கணக்கு மாறும். ஹேண்டிலில் இருக்கும் கண்ணாடியைத் தலையைக் குனியாமல் விழியைத் தாழ்த்திப் பார்த்தால் கீழ்ப் பகுதி லென்ஸ் வழியாகத்தான் பார்க்கிறார். அது அரை மீட்டருக்குள் படிப்பதற்கானது. தட்டைக் கண்ணாடியில் தூரத்தில் நிற்கும் பிம்பம் அதில் கலங்கித் தெரியும். வளைந்த கண்ணாடியில் ஒரு மீட்டரில் இருக்கும் பிம்பம் அவ்வளவு மோசமாக இருக்காது. வழி ரெண்டு. ஒன்று, கண்ணாடியை நீளக் கம்பி வைத்து உயரத்தில் மாட்டி மேல் லென்ஸ் வழியாகப் பார்ப்பது. இல்லையென்றால் வளைந்ததையே வைத்துக்கொள்வது. அத்தாவை உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு வாங்குங்கள். அவர் கண்ணுக்கு எது சரி என்பதை மகன் தீர்மானிக்க முடியாது.

ஜூலை 3, இரவு 9.25

நீளக் கம்பி என்றதும் அதிர்வைச் சொல்லியாக வேண்டும். கம்பி நீள நீளக் கண்ணாடி நடுங்கும். மேடு பள்ளத்தில் பின்னால் வருவது லாரியா ஆடா என்றே தெரியாது. கிளாம்புக்கு அடியில் பழைய டியூபை வெட்டி ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கினால் பாதி நடுக்கம் போய்விடும். கிளாம்பு நழுவுவதும் நிற்கும். முனையில் சொருகும் வகையில் கம்பியே கிடையாது, நடுக்கம் ரொம்பக் குறைவு. ஆனால் கேரியரில் அகலப் பெட்டி வைப்பவர்களுக்கு அது உதவாது. பெட்டிதான் தெரியும். மாமாவுக்குக் கம்பி வகையைப் போட்டதற்கு அதுதான் காரணம், பெட்டி விளிம்பைத் தாண்டி வெளியே நிற்க வேண்டும்.

ஜூலை 11, இரவு 8.30

மாலையில் கண்ணாடி கூசுகிறது என்று உச்சிப்புளி நண்பர் சொன்னார். எனக்கும்தான். இராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகும் ரோடு நேர் கிழக்கு இல்லை, கொஞ்சம் தெற்கே சாய்ந்து போகிறது. ஆனி, ஆடியில் சூரியன் மேற்கில் வடக்கே தள்ளி மறைகிறது. அதனால் இந்த மாதங்களில் மாலை வீடு திரும்பும்போது சூரியன் சரியாக ரோட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கும். கண்ணாடி முழுக்கச் சூரியன்தான்.

என்ன செய்யலாம்? கண்ணாடியை ஒரு நூல் கீழே சாய்த்து, ரோட்டின் தார் மட்டும் தெரியும்படி வைக்கிறேன். வண்டியின் சக்கரமும் நிழலும் தெரிந்தால் போதும்.

கண் கூசுவதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. சூரியன் தாழ்ந்திருக்கும்போது உங்கள் நிழல் எந்தப் பக்கம் நீண்டு விழுகிறது என்று பாருங்கள். நிழல் விழும் பக்கத்திலிருந்து வருபவருக்குச் சூரியன் கண்ணில் அடிக்கிறது. அவருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். நிழல் முன்னால் விழுந்தால் எதிரே வருபவரைக் கவனியுங்கள். நிழல் பின்னால் விழுந்தால் பின்னால் வருபவர் கண் கூசிக்கொண்டு வருகிறார். அந்த நேரத்தில் உங்கள் கண்ணாடியில் எல்லாம் துல்லியமாகத் தெரியும், அவருக்கு எதுவும் தெரியாது. கண்ணாடி அதிகம் வேலை செய்ய வேண்டியது அப்போதுதான்.

இனி இந்த இழையைத் தொடங்கியவருக்கு. நான் காலையில் மேற்கே போய் மாலையில் கிழக்கே திரும்புகிறேன், சூரியன் எனக்கு ரெண்டு வேளையும் முதுகுப்பக்கம். நீங்கள் காலையில் கிழக்கே மண்டபத்துக்குப் போய் மாலையில் மேற்கே திரும்பப்போகிறீர்கள். ரெண்டு வேளையும் பின்னால் வரும் டிரைவர் கண்ணில் சூரியன் அடிக்கும். உங்களுக்குக் கண்ணாடி என்னைவிட அவசியம்.

ஜூலை 27, மாலை 5.00

ஆடி அமாவாசைக் கூட்டம் போய் ரோடு மூச்சு விடுகிறது. இந்த வாரம் வெளியூர் வேன்கள்தான் அதிகம். ரோடு தெரியாதவர்கள், ராத்திரியெல்லாம் ஓட்டிக் களைத்தவர்கள். அந்த நாட்களில் நான் பெருங்குளத்துக்கு உள்ளே கிராமத்து வழியாகச் சுற்றிப் போய்விடுகிறேன். கண்ணாடி இருக்கிறது என்பதற்காக எல்லா நாளும் மெயின் ரோட்டில்தான் போக வேண்டும் என்று இல்லை.

ஆகஸ்ட் 9, இரவு 9.10

உப்பு. வேறு ஊர்க்காரர்கள் எழுதுவதில் இது வராது.

இரும்புக் கம்பி ஒரு மழைக்காலம் தாங்காது. கம்பியும் போல்ட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். உள்ளே இருக்கும் சின்ன ஸ்பிரிங் வாஷரைக் கூட விடாதீர்கள், முதலில் துருப்பிடித்து உடைவது அதுதான். உண்மையான கண்ணாடி என்றால் ஓரத்திலிருந்து உப்பு ஏறி ரசம் போய்விடும். வாங்கிய அன்றே விளிம்பைச் சுற்றி நிறமில்லாத நகப்பூச்சை ரெண்டு தடவை பூசிவிட்டால் பல மாதம் கூடுதலாக உழைக்கும். அக்ரிலிக் என்றால் ரசம் நிற்கும், ஆனால் கீறல் விழும். காரணம் நாம் துடைக்கும் விதம். கடல்காற்றில் ஓட்டி வந்த கண்ணாடியின் மேல் உப்பும் நுண்மணலும் காய்ந்திருக்கும். சட்டை நுனியால் தேய்த்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் அதுவும் ஒன்று. முதலில் நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள், அப்புறம் துணி. பாட்டிலில் ஒரு வாய் தண்ணீர் மிச்சம் வையுங்கள்.

சைக்கிளை நிறுத்தும்போது காற்று பார்க்க வேண்டும். பாம்பன் பக்கம் ஸ்டாண்டு போட்ட சைக்கிளைக் காற்று தள்ளிவிடுவது சாதாரணம். விழுந்தால் முதலில் தரையில் படுவது ஹேண்டில் முனை, அதாவது கண்ணாடி. முன்சக்கரம் காற்று வரும் பக்கம் பார்த்திருக்கட்டும், கண்ணாடியை உள்ளே மடித்துவிடுங்கள்.

ஆகஸ்ட் 10, காலை 7.30

மடித்தால் மறுபடி சரிசெய்ய வேண்டுமே என்று கேட்கிறார்கள். ஒரு தடவை ஒழுங்காக வைத்துவிட்டு, மூட்டில் ரெண்டு பாகமும் சேரும் இடத்தில் பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள். அடுத்த தடவை கோட்டைச் சேர்த்தால் போதும். ஒழுங்காக வைப்பது என்றால், சுவரைப் பிடித்துக்கொண்டு ஓட்டும் நிலையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பக்கத்தில் நின்று குனிந்து பார்த்துச் சரிசெய்தால் ஏறி உட்கார்ந்ததும் வானம்தான் தெரியும். கண்ணாடியின் உள் ஓரத்தில் உங்கள் முழங்கை ஒரு கீற்றாகத் தெரியட்டும். அது இருந்தால்தான் எந்தப் பக்கம் எவ்வளவு என்று மூளைக்குப் பிடிபடும்.

செப்டம்பர் 14, இரவு 8.50

பாம்பன் பாலத்துக்குப் போய் வந்தேன். கேட்டவர்கள் நிறைய, அதனால் விவரமாக.

ரோட்டுப் பாலம் திறந்தது 1988 அக்டோபர் 2. இரண்டேகால் கிலோமீட்டருக்கும் கொஞ்சம் அதிகம். அதற்கு முன் தீவுக்கு ரயில்தான். மாமா இளவட்டமாக இருந்தபோது சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டுதான் போனாராம். இந்த ஏப்ரல் 6-இல் புது ரயில் பாலம் திறந்த பிறகு ரோட்டுப் பாலத்தில் வண்டி நிறுத்தி வேடிக்கை பார்ப்பவர்கள் கூடிவிட்டார்கள். நடுப்பகுதி செங்குத்தாக மேலே எழுவதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஆனால் சைக்கிள்காரருக்கு, நிற்கும் ஒவ்வொரு வேனையும் சுற்றி வலதுபக்கம் போக வேண்டியிருக்கிறது. அங்கே தென்கடல் பக்கத்திலிருந்து குறுக்குக் காற்று. வேனின் மறைவுக்குள் நுழையும்போது காற்று சட்டென்று நிற்கும், தாண்டியதும் மறுபடி அறையும், சைக்கிள் ஒரு முழம் நகரும்.

நான் செய்வது இது. நிற்கும் வண்டிக்கு ரொம்ப முன்னாலேயே கண்ணாடியைப் பார்த்து, இடைவெளி இருக்கும்போதே வலதுபக்கம் வந்து, வரிசையாக நிற்கும் எல்லா வண்டியையும் ஒரே கோட்டில் கடந்துவிடுவேன். ஒவ்வொரு வேனுக்கும் உள்ளே வெளியே என்று நெளிந்தால் பின்னால் வருபவருக்கு நாம் என்ன செய்யப்போகிறோம் என்றே புரியாது. பின்னால் இடைவெளி இல்லையென்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போய்விடுங்கள். காட்சி நன்றாகத்தான் இருக்கும்.

செப்டம்பர் 21, காலை 10.00

இடதுபக்கமும் ஒன்று வேண்டுமா என்று கேட்டார்கள். நாம் இடதுபக்கம் ஓட்டுகிறோம், முந்துபவர் வலதுபக்கம் வருகிறார், ஆகவே வலது ஒன்று போதும் என்றுதான் இருந்தேன். போன வாரம் தனுஷ்கோடியிலிருந்து அரிச்சல்முனை வரைக்கும் போனபோது இடதும் பயன்படும் என்று தோன்றியது. மணல் ரோட்டின் மேல் ஏறிக் கிடக்கும் இடங்களில் நாம் நடுவுக்கு வந்துவிடுகிறோம். திரும்ப ஓரத்துக்குப் போகும்போது அந்த இடைவெளியில் ஒரு பைக் புகுந்திருக்கும். நாய் துரத்தினாலும் இடதுபக்கம்தான் வரும். ஆனால் முதலில் வலது. காசு மிச்சமிருந்தால், தீவுப் பக்கம் அடிக்கடி போவதாக இருந்தால், இடது.

நவம்பர் 18, இரவு 9.20

ஜூலையில் எழுதிய சூரியக் கணக்கின் மறுபாதி இப்போது வந்துவிட்டது. இப்போது சூரியன் கிழக்கில் தெற்கே தள்ளி உதிக்கிறது, மண்டபம் ரோடு போகும் அதே திசை. மழை விட்ட காலைகளில் நான் மேற்கே போகும்போது கண்ணாடி நிறையச் சூரியன், ஜூலையில் மாலையில் இருந்ததுபோலவே. தை முடியும்வரை காலைக் கூச்சம், மாலையில் தொல்லை இல்லை. ஆனி, ஆடியில் மாலைக் கூச்சம், காலையில் தொல்லை இல்லை. கிழக்கே வேலைக்குப் போகிறவர்கள் கார்த்திகை, மார்கழிக் காலைகளில் ஏழு மணிக்கு முன்னே பின்னே ரொம்பக் கவனமாக இருங்கள். பின்னால் வரும் டிரைவருக்கு எதிரே சூரியன், ரோடு ஈரமாக இருந்தால் தரையிலிருந்தும் பளபளப்பு.

காற்றும் மாறிவிட்டது. வாடை வடகிழக்கிலிருந்து வருவதால் இப்போது காது போவது கிழக்கே போகிறவர்களுக்கு. எனக்கு மேற்கே போகையில் நன்றாகவே கேட்கிறது.

டிசம்பர் 12, இரவு 10.15

ஐயப்பசாமி வண்டிகள். இராமேசுவரம் வந்துவிட்டுப் போகிறவர்கள் ராத்திரியில்தான் ஓட்டுகிறார்கள். ஹைபீம் கண்ணாடியில் அடித்தால் எதிரே பள்ளம் தெரியாது. நான் இருட்டியதும் கண்ணாடியைக் கொஞ்சம் வெளியே திருப்பிவிடுகிறேன். தலையை ஒரு சாய் சாய்த்தால் தெரியும், நேராக இருந்தால் கூசாது.

அதோடு ரோட்டில் விழும் உங்கள் நிழலையும் பாருங்கள். பின்னால் வரும் வண்டியின் வெளிச்சத்தில் நிழல் முன்னால் நீளும். அவர் முந்துவதற்காக வலதுபக்கம் விலகினால் உங்கள் நிழல் இடதுபக்கம் நகரும். வெளிச்சம் கூடிக்கொண்டே வருகிறது, நிழல் மட்டும் அசையாமல் நேரே முன்னால் நிற்கிறது என்றால் அவர் விலகவில்லை. மண்ணில் இறங்கிவிடுங்கள். பின்விளக்கும் ஒளிரும் பட்டையும் இல்லாமல் ராத்திரியில் இந்த ரோட்டுக்கு வரவே வேண்டாம், அதைக் கண்ணாடி ஈடுகட்டாது.

டிசம்பர் 21, காலை 9.40

இழையைத் தொடங்கியவர் எழுதியிருக்கிறார். ஆகஸ்டிலிருந்து மண்டபத்துக்குச் சைக்கிளில்தான் போகிறாராம், முனையில் சொருகும் கண்ணாடி. ரொம்ப சந்தோஷம். ஒரு வாரமாகக் கண்ணாடி தானாகவே கீழே தொங்குகிறது என்கிறார். அது உள்ளே இருக்கும் உருண்டை மூட்டு தளர்ந்தது. பின்பக்கத்துச் சின்னத் திருகை இறுக்குங்கள். அதற்கும் நிற்கவில்லை என்றால் உருண்டையைச் சுற்றி மெல்லிய டியூப் ரப்பரை ஒரு துண்டு வைத்து மூடுங்கள்.

டிசம்பர் 21, இரவு 8.05

அரசுப் பள்ளியில் பதினோராம் வகுப்பில் கொடுத்த சைக்கிளுக்கு எந்தக் கண்ணாடி பொருந்தும் என்று தேவிபட்டினத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். கைப்பிடிக்கு உள்ளே ஹேண்டில் குழாய் பொதுவாக 22 மில்லிமீட்டர் இருக்கும். ஒரு நூலைச் சுற்றி அளந்து பாருங்கள், 7 சென்டிமீட்டர் வந்தால் 22 மில்லி கிளாம்பு சரியாக உட்காரும். பைக் உதிரிக் கடையிலும் கிடைக்கும். மொபெட் கண்ணாடி போடுவதாக இருந்தால் கிளாம்பையும் கண்ணாடியையும் கடையிலேயே சேர்த்து முறுக்கிப் பார்த்து வாங்குங்கள். மரை 8 மில்லியும் உண்டு, 10 மில்லியும் உண்டு, சில பைக்குகளின் வலதுபக்கக் கண்ணாடிக்கு எதிர்மரை. மாட்டி இறுக்கியதும் ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். பிரேக் கம்பியில் எங்கேயும் இடிக்கக் கூடாது, பிரேக் பிடிக்கும்போது விரலிலும் படக் கூடாது.